மல்லாட்டை ஊரில் தேங்காய் எண்ணெய்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் புட்டி இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில். சீப்பு, பவுடர் டப்பா, பொட்டு அட்டை, அதற்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தப் புட்டி. அடுப்பங்கரையில் இருப்பவை வேறு எண்ணெய்கள்: மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய், நல்லெண்ணெய், இருபது முப்பது வருஷமாகச் சூரியகாந்தி எண்ணெய், ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மருமகளாக வந்த பெண் கீரைக்குத் தேங்காய் எண்ணெயில் தாளித்தால், "என்னம்மா, தலைக்கு வெச்சுக்கற எண்ணெயப் போயி ஊத்தறியே" என்று மாமியார் பதறுவது இந்தப் பக்கத்தில் சகஜம்.

மாமியார் கேட்ட கேள்வியை உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. சின்னப் புட்டியில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா என்று சேலம் மத்தியக் கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்கும் வழக்கு நடந்தது. தலைக்கான எண்ணெய் என்று முடிவானால் வரி கூடும். 2018இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் 2024 டிசம்பர் 18ஆம் தேதி, தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா தலைமையிலான மூவர் அமர்வு, புட்டி சின்னதாக இருப்பதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது. லேபிளிலும் புட்டியிலும் கூந்தலுக்கானது என்று காட்டி விற்றால்தான் அது கூந்தல் எண்ணெய். அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 சதவீதமே.

வரிச் சண்டை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். வீட்டுக்கு வேண்டிய ஒரு விஷயம் அதில் இருக்கிறது. புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புள்ளியும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும், அதன் கீழே 14 இலக்க உரிம எண்ணும் இருந்தால் அதைச் சாப்பிடும் பொருளாக விற்கிறார்கள். அடுப்புக்கும் போகலாம், தலைக்கும் போகலாம். அதற்குப் பதிலாக 'ஹேர் ஆயில்' என்று போட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'லைட் லிக்விட் பாரஃபின்' அல்லது 'மினரல் ஆயில்' என்று இருந்தால், அது பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய் கலந்தது. பிசுபிசுப்பு இல்லாமல் மல்லிகை வாசனையோடு வரும் பல எண்ணெய்கள் இந்த ரகம்தான். அதை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

யூடியூபிலும் வாட்ஸாப்பிலும் தேங்காய் எண்ணெயைப் பற்றி வருவதைப் பார்த்தால், அதைக் குடித்தால் சர்க்கரை குறையும், தொப்பை கரையும், ஞாபக மறதி போகும் என்று இருக்கிறது. இன்னொரு பக்கம் அது மாரடைப்பைக் கொண்டுவரும் விஷம் என்றும் சொல்கிறார்கள். என் கணக்கு எளிமையானது. தலைமுடிக்கும் தோலுக்கும் இது மிக நல்ல எண்ணெய். அதற்கு ஆதாரம் இருக்கிறது. சமையலில் ருசிக்காகக் கரண்டிக் கணக்கில் சேர்க்கலாம். மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டியதில்லை. நம் மண்ணில் விளையும் மல்லாட்டை எண்ணெயை ஒதுக்கிவிட்டு இதற்கு மாறவும் வேண்டியதில்லை.

மார்கழியில் ஏன் உறைகிறது?

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழி, தை விடியற்காலையில் நம் ஊரில் குளிர் அதற்கும் கீழே இறங்கும். அதனால்தான் காலையில் பிள்ளைக்குச் சடை பின்ன உட்கார்ந்தால் புட்டிக்குள் வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் மல்லாட்டை எண்ணெய் அப்படி உறைவதில்லை.

காரணம் கொழுப்பின் அமைப்பில் இருக்கிறது. மல்லாட்டை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நிறைவுறாதவை. அவற்றின் கார்பன் சங்கிலி நடுவில் வளைந்திருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காகச் சேராது, திரவமாகவே நிற்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. சங்கிலிகள் நேராக இருக்கும், கொஞ்சம் குளிர்ந்தாலும் நெருங்கி அடுக்காகச் சேர்ந்துகொள்ளும். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பு அமிலம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் தேங்காய் எண்ணெய் செய்யும் நல்லது, கெட்டது எல்லாவற்றுக்கும் காரணம் பிடிபடும். முடிக்குள் அது இறங்குவது லாரிக் அமிலத்தால். சட்டென்று சிக்கு வாடை வராமல் மாதக் கணக்கில் நிற்பது நிறைவுற்ற கொழுப்பால். இதய டாக்டர்கள் அளவோடு சாப்பிடச் சொல்வதும் அதே நிறைவுற்ற கொழுப்பால்தான்.

உறைந்த புட்டியை அடுப்பில் காட்ட வேண்டாம். ஒரு சொம்பு வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தினால் இளகிவிடும். உறைவதாலும் இளகுவதாலும் எண்ணெய் கெட்டுப்போவதில்லை.

தலைமுடிக்கு

தலைக்கு எண்ணெய் வைப்பது வெறும் பழக்கமா, பலன் உண்டா என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. ரேலே, மொகிலே என்ற இருவர் மும்பையில் செய்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி, கழுவி, சீவி, முடியிலிருந்து எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். முடி என்பதே புரதம்தான். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. நல்ல முடியிலும் குறைந்தது, வெளுப்பாலும் ரசாயனத்தாலும் கெட்ட முடியிலும் குறைந்தது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அவர்கள் சொன்ன காரணம் ரசாயனப்படி பொருந்துகிறது. லாரிக் அமிலம் உள்ள கொழுப்பு சின்னது, நேரானது, புரதத்தோடு ஒட்டும் குணமுள்ளது. அதனால் முடியின் தண்டுக்குள்ளேயே போகிறது. சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்பு பருத்தது, வளைந்தது. மினரல் ஆயிலுக்குப் புரதத்தோடு ஒட்டும் குணமே இல்லை. இரண்டும் மேலோடு நின்றுவிடுகின்றன.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. முடி தண்ணீரில் நனையும்போது ஊறிப் பருக்கும், காயும்போது சுருங்கும். இப்படி மாறி மாறி ஆவதிலேயே முடியின் மேல்செதில்கள் தூக்கிக்கொண்டு உடைகின்றன. குளிப்பதற்கு முன்னால் எண்ணெய் உள்ளே போயிருந்தால் தண்ணீர் அவ்வளவு ஊறாது. ஆகவே குளித்த பிறகு வைப்பதைவிட, குளிப்பதற்கு முந்தின இரவோ, இரண்டு மணி நேரம் முன்போ வைப்பதுதான் முடிக்கு நல்லது. போர்த் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில், உப்பேறி முடி வைக்கோல் போல் ஆகிறது என்று குறைப்படுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். வேரில் கொட்டித் தேய்ப்பதைவிட நடுவிலிருந்து நுனி வரை தடவுங்கள். பழைய முடி நுனியில்தான் இருக்கிறது, உடைவதும் அங்கேதான்.

எண்ணெய் முடியை வளர்க்காது. உடைவதைக் குறைப்பதால் நீளம் நிற்கிறது, அடர்த்தியாகத் தெரிகிறது. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் அப்படித்தான். வாசனையும் குளிர்ச்சியும் நிஜம். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காய்ச்சும்போது இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதால், நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

கொத்துக் கொத்தாக முடி கொட்டும் பெண்ணுக்கு எண்ணெயை மாற்றி மாற்றி வைப்பதில் மாதங்களை வீணாக்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய மாற்றம், டைபாய்டு போன்ற பெரிய காய்ச்சல் ஆகியவை முடி கொட்டுவதற்கு வழக்கமான காரணங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். நம் வீட்டுப் பெண்கள் கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, ரத்தம் குறைந்து முடி கொட்டுவதை எண்ணெய்ப் பிரச்சினையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

பொடுகு இருந்தால் நிலைமை வேறு. பொடுகோடு சேர்ந்து தலையில் பெருகும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. பொடுகோடு அரிப்பும் சிவப்பும் இருக்கும்போது எண்ணெயை ஊறவைத்தால் சிலருக்கு அது கூடும். முதலில் கீட்டோகோனசோல் ஷாம்பூவால் பொடுகை அடக்கிவிட்டு, பிறகு முடியின் நீளத்துக்கு மட்டும் எண்ணெய் வைக்கலாம். பேனுக்கு எண்ணெய் மருந்தாகாது. ஆனால் எண்ணெய் வைத்து ஈர்கொல்லியால் வாரினால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், பேனும் ஈரும் எளிதாக வரும்.

தோலுக்கு

பண்ருட்டிப் பலாப்பழம் வீட்டுக்கு வரும் நாளில் தேங்காய் எண்ணெயின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். கத்தியிலும் இரண்டு உள்ளங்கையிலும், விரல் இடுக்கு வரைக்கும், எண்ணெய் தடவிக்கொண்டுதான் பழத்தைப் பிளப்பார்கள். பால் ஒட்டாது. மறந்து வெறுங்கையில் பிடித்துவிட்டால் சோப்புக்குப் போகாது. மறுபடி எண்ணெயைத் தேய்த்துத்தான் அந்தப் பிசினை எடுக்க வேண்டும். பிசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கண் மையைத் துடைப்பதற்கும், நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுப் பசையை எடுப்பதற்கும் இதே வழிதான்.

வறண்ட தோலுக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் கிடையாது. தோலின் ஈரம் வெளியே போகாமல் எண்ணெய் மூடி வைக்கிறது. அதனால் காய்ந்த தோலில் தடவுவதைவிட, குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்த சூட்டோடு, ஈரம் இருக்கும்போதே நாலைந்து சொட்டு தடவுவது பலன் தரும். 2014இல் பிலிப்பைன்ஸில் தோல் அரிப்பு நோய் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்தபோது, மினரல் ஆயிலைவிடப் பச்சைத் தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கு நோய் அதிகம் தணிந்தது.

மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்கும், சேடையில் இறங்கி நாற்று நடுபவர்களுக்கும் குதிகால் வெடிப்பு பெரிய தொல்லை. இரவில் பாதங்களை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி, பழைய பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் பத்துப் பதினைந்து நாளில் வெடிப்பு மட்டுப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். ஆறாத புண், மரத்துப்போன பாதம் என்றால் எண்ணெயை ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முகப்பரு உள்ள பிள்ளைகள் முகத்தில் தடவ வேண்டாம், தோல் துவாரத்தை அடைக்கும். வெயிலுக்கு இது காப்பு ஆகாது. சுட்ட புண்ணில் உடனே எண்ணெய் தடவுவது நம் ஊரில் இன்னும் விடாத பழக்கம்; அது சூட்டை உள்ளேயே நிறுத்தும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதுதான் முதலுதவி.

குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்ல வழக்கம். தோல் காக்கப்படுகிறது, தொடுகையில் குழந்தைக்குச் சுகம். மும்பையில் 2005இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய் தேய்த்த குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது தெரிந்தது. ஆனால் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், சளி எடுக்க என்று வாயால் ஊதுவதையும் நிறுத்தியே ஆக வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே கரையாது, வெளியேறவும் செய்யாது, நிமோனியாவாக மாறும். எண்ணெயால் வரும் நிமோனியா என்று மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. பாட்டி சொல்கிறார், ஆயா சொல்கிறார் என்று பிள்ளை பெற்றவள் பேசாமல் இருக்கக் கூடாது. "ஒடம்புக்குத் தேய்ங்க பாட்டி, மூக்குல மட்டும் வேணாம்" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் காய்ச்ச விரும்பினால், இரண்டு முற்றின தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைத்துப் பால் பிழிந்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் வையுங்கள். முதலில் பால் பொங்கும், பிறகு தயிர் திரிந்தாற்போல் ஆகும், பிறகு தண்ணீர் சுண்டிச் சடசடவென்று சத்தம் வரும். திப்பி பொன்னிறமாகி, சத்தம் அடங்கி, எண்ணெய் தனியே தெளிந்து நிற்கும்போது இறக்கி வடிகட்டுங்கள். அரை டம்ளர் தேறினால் அதிகம். குழந்தைக்குத் தேய்க்க அதுவே பல நாளுக்கு வரும். அடியில் நின்ற பொன்னிறத் திப்பியில் கொஞ்சம் வெல்லம் போட்டுப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அடுப்புக்கு

திண்டிவனம் எண்ணெய் வித்துக்களின் ஊர். இங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு ஊரின் பெயரைச் சுருக்கி டிஎம்வி என்று பெயர். 1940இல் வந்த டிஎம்வி 2 மல்லாட்டை ரகம் கர்நாடகம், ஆந்திரம் வரைக்கும் போய் வேரூன்றியது. 1967இல் டிஎம்வி 7 வந்தது. எள்ளிலும் டிஎம்வி வரிசை உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்துச் சோப்புத் தொழிற்சாலைகளுக்குப் போன காலமும் இருந்தது. தேங்காய்க்கான ஆராய்ச்சி நிலையங்கள் தஞ்சை மாவட்டத்து வேப்பங்குளத்திலும் ஆழியார் நகரிலும் இருக்கின்றன. கொப்பரைக் களங்களுக்குப் பெயர் போனது காங்கேயம். ஆக, நம் பாட்டிமார் மல்லாட்டை எண்ணெயில் சமைத்தது மண் சொன்னபடி நடந்துகொண்டது. அதில் ஆரோக்கியக் குறை எதுவும் இல்லை. அந்த எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள்தான்.

அப்படியிருக்க, தேங்காய் எண்ணெய்க்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்றால், வாசனை. முருங்கைக்கீரைப் பொரியல், அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு எல்லாம் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கடுகும் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தால் தூக்கிக் கொடுக்கும். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையைக் கல்லில் தட்டி, ஓரம் சுற்றித் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். அவியலுக்கு இறக்கியபின் பச்சையாகவே ஒரு ஸ்பூன் விட வேண்டும். வத்தக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் நல்லெண்ணெயை விட்டு நகராதீர்கள். வடைக்கும் போண்டாவுக்கும் மல்லாட்டை எண்ணெய்தான். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பித்துவிடும். பலகாரம் பொரிக்கும் சூடும் ஏறக்குறைய அதுதான். இன்னொன்று, வாணலியில் மல்லாட்டை எண்ணெயோடு தேங்காய் எண்ணெயைக் கலந்து பொரிக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நுரைத்துப் பொங்கும், அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து.

எவ்வளவு சேர்க்கலாம்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்துப் போதும் என்கிறது. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான், தேங்காய் எண்ணெய்க்குச் சலுகை இல்லை. அந்த மூன்றரை லிட்டரில் கால் லிட்டர், அரை லிட்டர் தேங்காய் எண்ணெயாக இருந்தால் ஒரு கெடுதலும் வராது. ஆனால் ரேஷன் பாமாயிலில் ஏற்கெனவே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. அதைத்தான் அதிகம் ஊற்றுகிறோம் என்றால், மேற்கொண்டு தேங்காய் எண்ணெயையும் சேர்ப்பதில் அர்த்தமில்லை. அந்த வீட்டுக்கு மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் தேவை.

மருந்தா?

2020இல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் வந்தது. மற்றத் தாவர எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் கூடியது. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பிரசாரம் செய்கிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை எல்டிஎல் கூடுவதுதான் கவனிக்க வேண்டியது. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு வருஷம் சோதித்து 2016இல் வந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் ஏற்கெனவே இதய சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதால், அதை வைத்து எல்லோருக்கும் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது.

"பசிபிக் தீவுக்காரர்கள் தேங்காயாகவே சாப்பிட்டு நன்றாக இருந்தார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. டோகலாவ் தீவில் உணவுச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து வந்தது உண்மை. இதய நோய் குறைவாக இருந்ததும் உண்மை. அவர்கள் சாப்பிட்டது நார்ச்சத்தோடு கூடிய தேங்காய்ப் பருப்பு, கூடவே மீன். கடையில் வாங்கிய எண்ணெயில் பொரித்த பரோட்டாவோ மிக்சரோ அவர்கள் உணவில் இல்லை. சட்னியில் அரைக்கும் தேங்காயைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதற்கு வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பு இளைக்கும் என்ற கதை வேறோர் எண்ணெயிலிருந்து வந்தது. எட்டு, பத்து கார்பன் கொண்ட கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்த எம்சிடி எண்ணெயில் செய்த ஆய்வுகள் அவை. தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து சுமார் 15 சதவீதம்தான். பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் உடலில் பெரும்பாலும் சாதாரணக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி குடிப்பவருக்கு 240 கலோரி கூடும், அவ்வளவுதான். ஞாபக மறதி நோய்க்கு நம்பிக்கையான சான்று இல்லை. சர்க்கரைக்காரர் இதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து.

வாயில் ஊற்றிக் கொப்பளிப்பது ஈறுக்குக் கொஞ்சம் உதவலாம் என்று சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. நம் வழக்கத்தில் அதற்கு நல்லெண்ணெய்தான். செய்கிறவர்கள் விழுங்காமல் துப்பிவிட்டுப் பிறகு பல்லும் துலக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.

வாங்கும்போது

ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் ஒன்றரை கிலோ கொப்பரை வேண்டும். அதாவது பத்துப் பன்னிரண்டு தேங்காய். அன்றைக்குக் கொப்பரை என்ன விலை என்று கேட்டு ஒன்றரையால் பெருக்குங்கள். 2025 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலையே அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டு சந்தை விலை அதற்கு மேலே எங்கோ போனது. நீங்கள் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாக ஒருவர் 'சுத்தமான செக்கு எண்ணெய்' விற்றால், புண்ணாக்கை விற்றுக் கிடைக்கும் காசைக் கழித்தாலும் கணக்கு இடிக்கும். 2018இல் கலப்படத்துக்காகக் கேரள அரசு பல பிராண்டு தேங்காய் எண்ணெய்களைத் தடை செய்தது. அவற்றில் தமிழ்நாட்டில் தயாரானவையும் இருந்தன.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றி, பிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்லாமல் கீழ்த் தட்டில், அரை மணி நேரம் வையுங்கள். சுத்தமானது முழுக்க ஒரே வெள்ளையாக உறையும். வேறு எண்ணெயோ பாரஃபினோ கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும். பனங்கொட்டை எண்ணெயைக் கலந்திருந்தால் மட்டும் இது காட்டிக்கொடுக்காது, அதன் குணமும் தேங்காய் எண்ணெயை ஒத்தது. சந்தேகம் வலுத்தால் புட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

செக்குக்காரரிடம் வாங்குகிறவர்கள் கொப்பரையைக் காட்டச் சொல்லுங்கள். உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது. கறுப்போ பச்சையோ பூஞ்சை பூத்திருந்தால் அந்த எண்ணெய் வேண்டாம், பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அளவுக்கு மீறி வெள்ளைவெளேரென்று இருந்தால் கந்தகப் புகை போட்டதா என்று கேளுங்கள். வாகை மரச் செக்கு, கல் செக்கு என்பதைவிடக் கொப்பரை நன்றாக இருக்கிறதா என்பது முக்கியம். மட்டமான கொப்பரையை எந்தச் செக்கில் போட்டாலும் நல்ல எண்ணெய் வராது.

வாங்கிய எண்ணெயை வெளிச்சம் படாமல், இறுக மூடி வையுங்கள். தலைக்கு ஒரு புட்டி, சமையலுக்கு ஒரு புட்டி என்று தனித்தனியாக இருக்கட்டும். ஈரக் கையோ ஈர ஸ்பூனோ உள்ளே போகக் கூடாது. தண்ணீர் பட்டால் லாரிக் அமிலம் பிரிந்து எண்ணெயில் சோப்பு ருசி வரும். அப்படி வந்துவிட்டால் அதில் சமைக்க முடியாது, விளக்குக்கு ஊற்றிவிடலாம்.